அத்தைக்கு மூன்று மாத அனுமதி

1

எல்லா வருடமும் போல இந்த வருடமும் நான் இருக்கிற வீட்டுக்கே புதிதாகக் குடிவந்திருக்கிறேன். பெட்டி கட்டவில்லை, பால் காய்ச்சவில்லை. ஷார்ஜாவில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன், அவ்வளவுதான். வீட்டு ஏஜென்சியில் உட்கார்ந்திருக்கும் எகிப்துக்காரர் ஒவ்வொரு முறையும் என்னை முதல் தடவை பார்ப்பவர் போல "பேச்சிலரா, ஃபேமிலியா?" என்று கேட்கிறார். என் தலையில் மிச்சமிருக்கும் முடியைப் பார்த்தாவது அந்தக் கேள்வியை அவர் கைவிட்டிருக்கலாம். நானும் முதல் தடவை வந்தவன் போலவே பவ்யமாக "ஃபேமிலி" என்கிறேன். வீடு மீண்டும் ஒரு வருடத்துக்கு என்னுடையதாகிறது.

இங்கே எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. பால் பாக்கெட்டின் தலையில் அச்சடித்திருப்பது போல என்னையும் ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். விசா, கார் பதிவு, வாடகை, இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் என்று ஒன்று மாற்றி ஒன்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என் கைபேசியை யாராவது எடுத்துப் பார்த்தால், இது ஏதோ பலசரக்குக் கடைக்காரருடையது, சரக்கு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் ஊரிலிருந்து புஷ்பம் அத்தையின் அழைப்பு.

"ஏலே ஜெபா, டூட்டில இருக்கியோ?"

"இல்லத்த, சொல்லுங்க."

"வாரியத்துல இருந்து ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போறாரு. தவணை கட்டி முடிச்சவங்க எல்லாம் பத்திரம் எழுதிக்கிடணுமாம். நான் எழுதப்போறேன். நீதாம்ல முன்ன நின்னு பாக்கணும்."

"முன்ன நிக்கதுக்கு நான் ஷார்ஜால இருக்கேன்."

"நின்ன எடத்துல இருந்தே பாரு."

அத்தை என் அப்பாவின் தங்கை. எழுபதைத் தாண்டியவர். எங்கள் கடற்கரை ஊரில் வீட்டு வசதி வாரியம் கட்டிய குடியிருப்பில், கீழ்த்தளத்தில், ஒரு கூடம், ஒரு அறை, ஓர் அடுப்படி. வீடு மாமா பெயரில் தவணைக்கு ஒதுக்கப்பட்டது. தவணை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கிரயப் பத்திரம் எழுதும்வரை அது வாரியத்தின் வீடுதான்.

பத்திரத்தை மாமா ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். மாமா சவூதியில், ஜுபைலில் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வளைகுடாவில் இருப்பவனுக்கு நேற்று, இன்று, நாளை என்ற மூன்று காலமும் கிடையாது. டூட்டி, லீவு, அடுத்த லீவு என்ற மூன்றுதான். பல் பிடுங்குவது, பட்டா மாற்றுவது, அண்ணனோடு சமாதானம் பேசுவது எல்லாம் அடுத்த லீவில். லீவில் வந்தால் கல்யாண வீடு, கருமாதி வீடு, கொண்டுவந்த தைலத்தைப் பங்கு வைப்பது என்று நாள் ஓடிவிடும். அப்புறம் விமான நிலையத்தில் நின்றுகொண்டு, "அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்." கடைசியில் மாமா ஒரேயடியாக ஊர் திரும்பினார். திரும்பி வந்தவருக்கு அடுத்த லீவு என்று ஒன்று இல்லாததால் அந்த வேலை நடக்கவே இல்லை. சில வருடங்களுக்கு முன் மாமாவும் போய்விட்டார்.

"சேவியர்ட்ட சொன்னீங்களாத்த?" என்று கேட்டேன். சேவியர் அத்தையின் ஒரே மகன். அப்பா வேலை பார்த்த அதே ஜுபைலில் இப்போது இவன்.

"அவங்கிட்டச் சொன்னா அடுத்த லீவும்பான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நீதான காயிதம் எழுதுத வேல பாக்க."

நான் துபாயில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் காகிதங்களை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு நகர்த்துகிறேன். ஊரில் இதற்கு எழுத்து வேலை என்று பெயர். நானும் திருத்தியதில்லை.

2

சேவியரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊர் முடிந்து உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் கட்டியிருக்கிறான். நான்கு படுக்கையறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒட்டினாற்போல் குளியலறை, வழுக்கி விழுவதற்கென்றே பதித்த கிரானைட், வாசல் கேட்டில் இரண்டு சிங்கங்கள். அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பது அந்தச் சிங்கங்கள் மட்டும்தான். நான்கு படுக்கையறைக்குச் சொந்தக்காரர் ஜுபைலில் கேம்ப் ரூமில் இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் தூங்குகிறார். லீவில் வந்தால் அம்மாவின் கூடத்தில் பாயை விரித்துத் தூங்குகிறார். அவர் மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தைச் சாக்கிட்டு மதுரையில் மாமனார் வீட்டில். இப்படித்தான் எங்கள் ஊரைச் சுற்றி வெளிநாட்டுப் பணத்தில் நிறைய இருட்டு கட்டப்பட்டிருக்கிறது.

அவனிடம் பேசினேன்.

"மச்சான், அது என்ன பெரிய வீடுன்னு அம்மா பேர்ல எழுதிக்கிட்டு? நேரா என் பேர்ல எழுதிருவோம். அந்தப் பில்டிங்க இடிச்சுட்டுப் பெருசாக் கட்டப் போறாங்களாம். நல்ல வெலைக்குப் போகும்."

"அம்மா எங்க இருப்பாங்க?"

"நம்ம வீட்லதான். சும்மா பூட்டிக் கிடக்கு. அம்மா போய் இருந்தா ராத்திரி லைட்டு போட ஒரு ஆளாச்சு."

"அது ஒங்க அம்மாவாடே, சுவிட்சா?"

"நீங்க எப்பவுமே இப்படித்தான் மச்சான்" என்றான். இந்த வசனத்தை என் மனைவியும் சொல்வாள் என்பதால் எனக்கு உறைக்கவில்லை.

அத்தையிடம் இதைக் கொஞ்சம் பூசி மெழுகித்தான் சொன்னேன். அவர் பூச்சைச் சுரண்டிவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"அங்க மீன்காரி வருவாளா? கோயில் மணி கேக்குமா? காய்ச்சல்னு படுத்தா சுவத்தத் தட்டுனா பக்கத்து வீட்டுக்காரி வருவாளா? அந்த ரெண்டு சிங்கத்தோட மூணாவதா நான் குந்திக்கிடவா? இந்தா பாரு ஜெபா. வீடு என் பேர்ல இருந்தா என்னை யாரும் தூக்கி அங்கன கொண்டு வைக்க முடியாது. எனக்கு அவ்ளதான் வேணும்."

வாரிய அலுவலகத்தில் கேட்டதற்கு, மாமா பெயரிலிருந்து அத்தை பெயருக்கு மாற்றிவிட்டுப் பத்திரம் எழுதலாம், ஆனால் இன்னொரு வாரிசான மகன் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பதால் எம்பஸி முத்திரையோடு வேண்டும் என்றார்கள். நியாயம்தான்.

சேவியரைச் சம்மதிக்க வைக்க நான் ராஜதந்திரம் எதுவும் செய்யவில்லை. "சும்மா ஒரு என்ஓசிடே" என்றேன். அந்த வார்த்தை போதுமாக இருந்தது. எங்கள் வாழ்க்கையே என்ஓசிகளால் ஆனது. வேலை மாற என்ஓசி, லைசன்ஸ் எடுக்க என்ஓசி, வங்கியில் கடன் வாங்க என்ஓசி. கம்பெனி வாசலில், கஃபீல் என்கிற அரபு ஸ்பான்சர் வாசலில், யாரோ ஒருவருக்கு நம்மீது ஆட்சேபணை இல்லாமலிருக்க வேண்டுமே என்று நின்று நின்று கால் மரத்தவர்கள் நாங்கள். வாழ்நாள் முழுக்க வாங்கியே பழகியவனுக்கு ஒன்றைக் கொடுக்கிற வாய்ப்பு வந்தால் விடுவானா? சேவியர் குரலில் ஓர் எஜமானக் கம்பீரம் ஏறியதைக் காதாலேயே பார்த்தேன்.

"குடுத்துருவோம் மச்சான். அம்மாதானே."

3

எம்பஸி ஆட்கள் முகாம் போட்டு வந்த நாளில் சேவியர் வரிசையில் நின்று முத்திரை வாங்கினான். படம் எடுத்து எனக்கு அனுப்பினான். முத்திரைகள் சுத்தமாக விழுந்திருந்தன. நீலம், சிவப்பு, ஓரத்தில் ஒட்டுவில்லை எல்லாம் இருந்தன. சூப்பர் என்று பதில் போட்டேன். காகிதம் நகர்த்தும் தொழிலில் நான் கற்றது இதுதான்: முத்திரை இருக்கிறதா என்று பார், வாசகத்தை வேறு எவனாவது பார்ப்பான்.

லீவில் போகிற ஒரு திசையன்விளைக்காரர் கையில் அதைக் கொடுத்துவிட்டான். இங்கிருந்து யாரும் தன் பெட்டியோடு தனியாக ஊருக்குப் போக முடியாது. கேம்ப்பில் உள்ள எல்லோருடைய டார்ச் லைட்டும் தைலமும் பால் பவுடரும் அவரோடு போகும். அப்படி ஒரு பால் பவுடர் டின்னோடு சேவியரின் ஆட்சேபணையின்மையும் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தை டின்னை அடுப்படியில் வைத்துவிட்டுக் காகிதத்தோடு வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே அந்தப் பிரிவைப் பார்க்கிற பெண் அதை ஒரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இவரு உங்களுக்கு யாரும்மா? மகனா, முதலாளியா?" என்று கேட்டார்.

அத்தை அன்று மாலையே வீடியோவில் வந்தார். காகிதத்தைக் கேமராவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "வாசில. என்னத்தப் போட்டிருக்கான்னு வாசி" என்றார். எனக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. என் மகள் ரூத் கைபேசியை வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தாள். ரூத் இங்கே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ் புரியும். பேசச் சொன்னால், ஒவ்வொரு சொல்லையும் மாடியிலிருந்து வாளியில் கயிறு கட்டி இறக்குவது போல இறக்குவாள்.

"ஆச்சி, வெயிட். 'இவங்க... என் மதர். என் ஸ்பான்சர்ஷிப்ல இருக்காங்க. இவங்க வீடு ஓன் பண்ண எனக்கு அப்ஜெக்ஷன் இல்ல. இது மூணு மாசம் வேலிட். நான் எப்ப வேணும்னாலும் கேன்சல் பண்ணலாம். டூட்டி டைம்ல இவங்க தப்பு பண்ணா நான் ரெஸ்பான்சிபிள்.' அவ்வளவுதான் ஆச்சி."

எதிர்ப்பக்கம் காகிதம் கசங்கியது. திரையில் காகிதத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும் தெரிந்தது.

ரூத் என்னைப் பார்த்தாள். "எதுக்கு ஆச்சி கோபமா இருக்காங்க? எனக்கு இன்டர்ன்ஷிப்புக்கு நீங்க குடுத்ததும் இதேதானே? சேம் டெம்ப்ளேட்."

அதே டெம்ப்ளேட்தான். அதில் கோபப்பட ஏதோ இருக்கிறது என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அவளுடைய இருப்புக்கு ஆதாரமான காகிதத்தில் 'என் பொறுப்பில் உள்ளவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் காகிதத்தில் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறவரை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் லிஃப்டில்.

"மூணு மாசமா?" என்றார் அத்தை மெதுவாக. "நான் மொழுகுன தரையில நான் உக்காருததுக்கு எம்பிள்ள எனக்கு மூணு மாசம் பெர்மிஷன் குடுத்திருக்கானா?"

சேவியரைப் பிடித்து உலுக்கினேன்.

"மச்சான், நான் என்ன செய்ய? டைப்பிங் கடை பாய்ட்ட 'அம்மாவுக்கு என்ஓசி'ன்னுதான் சொன்னேன். எவனோ பொண்டாட்டி வேலைக்குப் போறதுக்கு அடிச்சு வச்சிருந்தத எடுத்து, ஒய்ஃப்னு இருந்த எடத்துல மதர்னு மாத்திட்டான் போல. பின்னாடி ஒரு கூட்டமே நிக்கி, யல்லா யல்லாங்கான். நான் படிச்சா பாக்க முடியும்?"

"பெத்த தாயை வேலைக்காரியா எழுதியிருக்கடே."

"நீங்க பாத்துட்டு சூப்பர்னுதான போட்டீங்க?"

இந்தக் குடும்பத்தில் ஆதாரங்களைச் சேமித்து வைக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

"சரி, திருப்பி அடிச்சு அனுப்பு."

"கலாஸ், முடிஞ்சுது விடுங்க. அடுத்த முகாம்ல அனுப்புறேன்."

ஆனால் அத்தை வேண்டாம் என்றுவிட்டார். அலுவலகப் பெண்ணிடம் பேசி அவர் வேறொன்றைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். மகன் விடுதலைப் பத்திரம் என்று ஒன்றைப் பதிவு செய்து கொடுத்துவிட்டால் பிறகு அவனுக்கு அந்த வீட்டில் கேட்பதற்கு எதுவும் இல்லையாம்.

"அனுமதி வேண்டாம்ல எனக்கு. குடுத்தவன் நாளைக்கு வாங்குவான். நேர்ல வந்து, எனக்கு இதுல பாத்தியத இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு."

சேவியர் உடைந்துபோனான். "ஒரே பிள்ளை மச்சான் நான். நாளைக்கு எனக்குத்தான வரப் போகுது? விடுதல குடுன்னா என்ன அர்த்தம்? நான் என்ன ஜெயிலா?"

'அம்மாவ நீ கொண்டு வைக்கப் பாத்த வீடு பெறகு என்னடே?' என்ற பதில் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டில் இருக்கிற சிங்கங்களை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

4

கிறிஸ்துமஸுக்குச் சேவியர் ஊருக்குப் போனான். நடந்ததை அத்தை ஒரு விதமாகவும் அவன் ஒரு விதமாகவும் எனக்குச் சொன்னார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.

வழக்கம்போல அம்மா வீட்டு வாசலில் டாக்ஸி வந்து நின்றிருக்கிறது. அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்.

"பெட்டிய எங்க எறக்குத?"

"உள்ளதாம்மா."

"ஒனக்குத்தான் நாலு ரூம்பு இருக்குல்லா. சாப்பிட மட்டும் இங்க வா. படுக்கைக்கு ஒன் வீட்டுக்குப் போ. இங்க ஆளத் தங்க வைக்கதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. நானே ஒன் பெர்மிஷன்லதான் இருக்கேன்."

முந்தின நாளே அவன் வீட்டுச் சாவிக்கொத்தை நூலில் கோத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். அதை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

சேவியர் முதன்முறையாகத் தன் வீட்டில் தங்கப் போனான். அங்கிருந்து எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், மோட்டார் கெட்டுப் போச்சு, தண்ணி இல்ல. கட்டில் பிளாஸ்டிக் கவர்ல இருக்கு, பிரிக்கவே இல்ல. இருமுனா நாலு ரூம்புலயும் யாரோ இருமுதாங்க."

"எதிர்த்த வீட்ல தண்ணி கேளுடே."

"எதிர்த்த வீட்டுக்காரன் கத்தார்ல ராஸ் லஃபான்ல இருக்கான் மச்சான். பக்கத்து வீடு மஸ்கட். தெருவுல நான் ஒருத்தன்தான் மனுசன். பால்காரன் கேட்டு தெறந்து கெடக்கதப் பாத்துப் பயந்து போயிட்டான், வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னு."

இரண்டு ராத்திரி தாக்குப்பிடித்தான். கேம்ப்பில் குறட்டைக்கு நடுவே தூங்கிப் பழகியவனுக்கு அந்த அமைதி காதில் குத்தியிருக்கிறது. அடுத்த நாள் காலை அத்தை வீட்டில் ஆப்பம் சாப்பிட உட்கார்ந்தவன் சாப்பிடாமலே கேட்டிருக்கிறான்.

"இங்க படுக்க எடமிருக்க, அந்தக் காட்டுலயாம்மா என்னைய இருக்கச் சொன்ன?"

அத்தை தட்டில் இன்னோர் ஆப்பத்தை வைத்தார். "நீதாம்ல என்னைய இருக்கச் சொன்ன."

அந்த ஆப்பத்தையும் அவன் சாப்பிட்டான் என்பதில் இரண்டு பேர் கதையும் ஒத்துப்போகிறது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுச் சேவியர் பத்திரம் எழுதுகிறவரைத் தேடிப் போனான். அடுத்த லீவு என்று சொல்லவில்லை. எங்கள் குடும்ப வரலாற்றில் ஒருவன் இந்த லீவிலேயே ஒரு காரியத்தைச் செய்தது அதுதான் முதல் தடவை.

பதிவு அலுவலகத்திலிருந்து வீடியோவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முழு நிகழ்ச்சியிலும் நான் பார்த்தது ஒரு மின்விசிறியையும் சேவியரின் மூக்குத் துவாரத்தையும்தான். மை தொட்ட விரலை அத்தை எதில் துடைப்பது என்று கேட்டதும், "என் சட்டைல தொடச்சுக்கிடும்மா" என்று சேவியர் சொன்னதும் கேட்டது. அன்றிலிருந்து லீவு முடியும்வரை அவன் படுத்தது அம்மாவின் கூடத்தில்.

பெயர் மாற்றமும் கிரயப் பத்திரமும் வர இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது. வந்தது. வீடு, அதன் கூடம், அறை, அடுப்படி, சுவரைத் தட்டினால் வருகிற பக்கத்து வீட்டுக்காரி உட்பட, புஷ்பம் அத்தைக்குச் சொந்தமானது.

5

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்து என் பாஸ்போர்ட் காலாவதியானது.

சேவியர் பாஸ்போர்ட்டிலும் என் பாஸ்போர்ட்டிலும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் அத்தை வீட்டுக் கதவு எண்தான் இருக்கிறது. முதன்முதலில் பாஸ்போர்ட் எடுத்தபோது, எப்போதும் ஆள் இருக்கிற வீட்டு விலாசமாகப் போடச் சொன்னார் ஏஜென்ட். எங்கள் குடும்பத்தில் எப்போதும் வீட்டில் இருந்தது அத்தை ஒருவர்தான். நான் புதுப்பிக்கும்போதெல்லாம் அங்கே ஒரு போலீஸ்காரர் வந்து விசாரிப்பார். "இந்த வீட்டுப் பிள்ளைதான், இங்கதான் இருக்கான், அவன் எங்க போகப் போறான்" என்று அத்தை அடித்துச் சொல்வார். அந்த நேரத்தில் நான் ஷார்ஜாவில் வாடகை ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டிருப்பேன்.

இந்த முறையும் வந்தார்கள். அத்தை போன் செய்தார்.

"போலீஸ்காரத் தம்பி வந்துட்டுப் போறாரு. ஜெபமணின்னு ஒருத்தர் இங்க இருக்காரான்னு கேட்டாரு."

"என்னத்த சொன்னீங்க?"

"இல்லன்னேன்."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் எகிப்துக்காரர் என்னை எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார். வரிசையாக அட்டைகள் சரிகிற சத்தம் கேட்டது.

"அத்த..."

"பெறகு என்ன? இல்லாத ஆள இருக்கான் இருக்கான்னு எத்தன தடவல சொல்லுவேன்? அப்பம் வாரியத்து வீடு, எவன் கேக்கப் போறான்னு சொன்னேன். இப்பம் எனக்குச் சொந்த வீடு. பொய் சொன்னா என்னையல்லா கேப்பாவ."

"அவரு என்ன எழுதிட்டுப் போனாரு?"

"நில்லு, சொல்லுதேன். அவன் வெளிநாட்ல இருக்கான், வந்தா வேற போக்கிடம் கிடையாது, இங்கதான் வருவான், வீட்டுக்காரி எனக்கு ஆட்சேபண இல்லன்னு எழுதிக்கிடுங்கன்னேன். பத்திரத்தையும் எடுத்துக் காமிச்சேன். சிரிச்சுட்டு எழுதிட்டுப் போனாரு."

நான் ரோட்டோரத்துக்கு வந்தேன். "ரொம்ப தேங்ஸ் அத்த."

"மூணு மாசத்துக்குத்தான். முடிஞ்சதும் போனப் போட்டுக் கேளு. பாத்துச் சொல்லுதேன்."

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. மீன்காரி வந்துவிட்டாள் என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கைபேசியை எடுத்து, கார் பதிவுக்கும் வாடகைக்கும் நடுவே 'அத்தை, புதுப்பிக்க' என்று ஒரு நினைவூட்டலைப் போட்டேன். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ரூத், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ நான்? உங்க கீழயே வர்றேனா, இல்ல ஆச்சிகிட்ட நான் தனியா அப்ளை பண்ணணுமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.